மருந்து கேட்காத மனச்சோர்வும், கடிதத்தில் போகிறபோக்கில் வந்த ஒரு வரியும்

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்கிறோம். முதலில் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் ஐந்து மாதம் சாப்பிட்டார்; பெரிய மாற்றம் இல்லை. பிறகு செர்ட்ராலின் 50 கொடுத்தார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று மூன்றாவது வாரத்தில் அவரே நிறுத்திவிட்டார். இப்போது நான்கு மாதமாக இரவில் மிர்ட்டாசபின் 15. தூக்கம் வருகிறது, மனம் தெளியவில்லை. முன்பு தூக்கத்துக்காகத் தொடங்கிய குடியையும் முழுதாக விடவில்லை. இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்துவிட்டார். பட்டறைக்குப் போனாலும், வண்ணச் சாந்தைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு, அச்சின் எந்தக் கட்டத்தில் ஊற்றுவது என்று தெரியாமல் சாந்து இறுகும்வரை நிற்கிறார். ஏழு வருடத்துக்கு முன் இதே மனிதர் இரண்டு வாரம் ராப்பகல் தூங்காமல் கொட்டகை போட்டு, யாரையும் கேட்காமல் கடன் வாங்கி, புதுப்புது அச்சாக அடித்து வந்தவர். அந்த வேகம் எங்கே போனதோ தெரியவில்லை. கடனில் பெரும்பகுதி அடைந்துவிட்டது. ஆனால் சென்ற வாரம், "நான் போய்விட்டால் உங்களுக்குக் கடனாவது மிஞ்சாது" என்றார். மதுரையில் ஒரு மருத்துவர் இ.சி.டி. கொடுக்கலாம் என்கிறார், கரண்ட் ஷாக் வேண்டவே வேண்டாம் என்று மாமியார் அழுகிறார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர், மூக்கில் அடிக்கும் புது மருந்து வந்திருக்கிறது, அதைக் கேளுங்கள் என்கிறார். கொடைக்கானல் காளானில் இதற்கு மருந்து இருக்கிறதாம், வாங்கி வரட்டுமா என்று என் தம்பி கேட்கிறான். நாங்கள் எதைச் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தச் சிகிச்சை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருவதற்கு முன், சென்ற வாரம் அவர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதை அலுப்பில் வந்த பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இன்று மாலையே, பிள்ளைகள் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. அப்படி நடப்பதில்லை, யாரிடமாவது சொல்ல முடிந்ததே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் வருகிறது. வீட்டிலும் தோட்டத்திலும் பூச்சிமருந்து இருந்தால் இன்றே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். முன்பு நிறுத்திய மாத்திரைகளின் மிச்சத்தை அப்புறப்படுத்துங்கள். இப்போதைய மாத்திரையை நீங்கள் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். எப்படி, எப்போது என்று அவர் திட்டமாகப் பேசினால், அடுத்த மருத்துவர் சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். இரவு எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று மருந்தும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவத்தில் 'மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு' என்று சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்தது இரண்டு மனச்சோர்வு மருந்துகளைப் போதிய அளவில், ஆறு முதல் எட்டு வாரம் தவறாமல் உட்கொண்ட பிறகும் போதிய குணம் இல்லையென்றால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால், உங்கள் கணவர் முழுமையாகச் சோதித்துப் பார்த்தது எஸ்சிட்டலோபிராம் ஒன்றைத்தான். அதுவும் தொடக்க அளவிலேயே நின்றுவிட்டது. செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் மூன்று வாரம் என்பது, அந்த மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்று தெரிவதற்கே போதாத காலம். மிர்ட்டாசபின் நான்கு மாதம் எடுத்திருந்தாலும் 15 என்பது அதன் கீழ் அளவுதான். அதோடு சாராயமும் சேர்ந்திருக்கிறது. குடி, மருந்தின் பலனைக் குறைப்பதோடு நில்லாமல் மனச்சோர்வைத் தானே வளர்க்கவும் செய்யும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வயிற்றுப் புரட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குறையும் என்று அவருக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். மூன்று மருந்து தோற்றுவிட்டது என்ற கணக்கோடு வாழ்கிற மனிதருக்கு, உண்மையில் தோற்றது ஒன்றுதான், மற்ற இரண்டும் முழுதாகக் கொடுக்கப்படவே இல்லை என்று தெரிவது நல்ல செய்தி. முதல் மருந்து கேட்காதது அரிதான காரியமும் அன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 நோயாளிகளைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து 2006ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்விலும், முதல் மருந்தில் முழுக் குணம் கண்டவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். ஒவ்வொரு மருந்தும் தவறும்போது அடுத்ததில் குணமாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது என்பதும் அதே ஆய்வு காட்டிய உண்மை. ஆகவே மாத்திரையை மாற்றிக்கொண்டே போவதற்கு முன், நோயைச் சரியாகத்தான் கண்டிருக்கிறோமா என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

அப்படி நின்று பார்க்கும்போதுதான் உங்கள் கடிதத்தின் ஒரு வரி என் கண்ணில் பட்டது. ஏழு வருடத்துக்கு முன் இரண்டு வாரம் ராப்பகல் தூங்காமல் கொட்டகை போட்டு, யாரையும் கேட்காமல் கடன் வாங்கி, புதுப்புது அச்சாக அடித்தார் என்று பெருமையும் ஏக்கமும் கலந்து, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூக்கில் அடிக்கும் மருந்தைப் பற்றிய உங்கள் கேள்வியைவிட எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. இருதுருவ மனநோய் என்ற ஒன்று இருக்கிறது. அதில் மனம் ஒரு பருவத்தில் அளவுக்கு மீறி எழும், வேறு பருவங்களில் ஆழமாகச் சோர்ந்து விழும். எழுச்சி நாட்கள் குறைவாகவும் சோர்வு மாதங்கள் அதிகமாகவும் இருப்பதால், நோயாளி மருத்துவரிடம் வருவதே சோர்வில்தான். எழுச்சி நாட்களில் யார் வைத்தியம் தேடுகிறார்கள்? வீட்டாருக்கு அது நல்ல காலமாகத்தான் நினைவிருக்கும்.

அந்த இரண்டு வாரம் வெறும் கடும் உழைப்பாகவும் இருந்திருக்கலாம். செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் சாந்தி கல்யாணம் வைத்து, அதற்குள் முற்றம் முழுக்கப் புதுக் கல் பதித்தாக வேண்டும் என்று ஆர்டர் வந்தால் எந்தப் பட்டறையிலும் விளக்கு அணையாது. ஆனால் உழைப்பால் தூங்காதவர் மறுநாள் தள்ளாடுவார். எழுச்சியால் தூங்காதவருக்குக் களைப்பே தெரியாது. ஆகவே நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று மணிநேரத் தூக்கத்தோடு அவர் முழுத் தெம்பாக இருந்தாரா? வழக்கத்தைவிட வேகமாக, நிறுத்தாமல் பேசினாரா? தடுத்தவர்மேல் எரிந்து விழுந்தாரா? கடன் வாங்கியது ஒரு கணக்கோடா, கணக்கே இல்லாமலா? "இது அவர் சுபாவமே இல்லையே" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்களா? மாமியாரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அவர்கள் வம்சத்தில் 'ஒரு சமயம் ஆடுவார், ஒரு சமயம் அடங்கிவிடுவார்' என்று பேசப்பட்டவர் யாராவது உண்டா? இந்த நோய்க்குக் குடும்ப வழித் தொடர்பு வலுவானது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆசிரியைக்கு இரண்டு ஆண்டில் ஐந்து மருந்து மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அளவு பார்த்தேன், வாரம் எண்ணினேன், இரத்தப் பரிசோதனையும் செய்தேன். கல்லூரிக் காலத்தில் ஒரு மாதம் தூக்கமே இல்லாமல் சுற்றியது பற்றி அவர் தாயார் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது தற்செயலாகச் சொன்ன பிறகே நோயின் பெயர் மாறியது, மருந்தும் மாறியது. அந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இரண்டு ஆண்டு வீணாகப் போனது.

இருதுருவச் சோர்வுக்குச் சாதாரண மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் பலன் பெரும்பாலும் கிடைக்காது. சிலருக்குப் பதற்றமும் எரிச்சலும் கூடும், சிலர் எழுச்சிக்கே தாவிவிடுவார்கள். அதற்கான மருந்துகள் குவெட்டியாபின், லுராசிடோன், லாமோட்ரிஜின், லித்தியம் என்று வேறு வரிசையில் இருக்கின்றன. ஆகவே, உங்கள் கணவருக்கு மருந்து கேட்கவில்லையா, அல்லது வேறொரு நோய்க்கான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமா என்பது எந்தப் புதுச் சிகிச்சைக்கும் முன்னால் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. கடிதம் வழியாக அதை நான் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. நீங்கள் அந்த வரியை மதுரை மருத்துவரிடம் சொன்னீர்களா என்பதே எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

உடலையும் பார்த்தாக வேண்டும். மிர்ட்டாசபின் பொதுவாகப் பசியைக் கூட்டி எடையை ஏற்றும் மருந்து. அதை உட்கொண்டும் இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருப்பதை, மனச்சோர்வுதான் என்று முடிவுகட்டிவிட்டு நாம் சும்மா இருக்கலாகாது. தைராய்டு, சர்க்கரை, இரத்தச் சோகை, வைட்டமின் பி12, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும், காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய மார்பு எக்ஸ்ரேயும் அவசியம். குடி நாள்தோறும் கணிசமான அளவில் இருந்தால் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். கைநடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால் அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இப்போது இ.சி.டி. உங்கள் மாமியாரின் அழுகை எனக்குப் புரிகிறது. தமிழ்ப் படங்களில் அந்தச் சிகிச்சையைக் கைகால்களைக் கட்டிப்போட்டுத் தரும் தண்டனையாகப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து இல்லாமல்தான் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் கொடுமை உண்மையானதே. இன்று நம் நாட்டில், 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இதைக் கொடுப்பதைத் தடைசெய்திருக்கிறது. நடப்பதைச் சொல்கிறேன். இரவு முதல் வெறும் வயிற்றோடு காலையில் வருவார். கையில் ஊசி ஏறும், தூங்கிவிடுவார். தசைகள் தளர்ந்திருக்கும் நிலையில் தலையில் சில விநாடிகள் மின்னோட்டம் செலுத்துவார்கள். மூளைக்குள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வலிப்பு ஓடும். வெளியே பார்ப்பவருக்குக் கால்விரல் லேசாகத் துடிப்பது தெரியும், அவ்வளவுதான். அரைமணி ஒருமணி நேரத்தில் எழுந்து இட்லி கேட்பவர்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வீதம் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு முறை தேவைப்படும்.

மறதி வரும் என்பதை மறைக்க மாட்டேன். சிகிச்சை நடக்கும் வாரங்களும் அதற்குச் சற்று முந்தைய நாட்களும் பலருக்கு மங்கலாகிவிடும். புதிதாகக் கற்கும் திறன் பொதுவாகச் சில வாரங்களில் மீண்டுவிடுகிறது. பழைய நினைவுகளில் சில, சிலருக்குத் திரும்புவதே இல்லை. இதை உங்கள் கணவருக்கும் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும். முடிவெடுக்கும் தெளிவு அவருக்கு இருக்கும்வரை சம்மதம் அவருடையது, நம்முடையது அன்று. பல ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். பதினைந்து நாளாகச் சோறு இறங்கவில்லை, வாய் பேசவில்லை. பட்டாலைத் தூணில் சாய்த்து உட்காரவைத்தால் மாலைவரை அப்படியே இருப்பாராம். நான்காவது சிகிச்சை முடிந்த மறுநாள் அவர் மனைவி கொடுத்த காப்பியை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றார். அந்த ஆச்சி டம்ளரைத் திரும்ப வாங்கவும் மறந்து நின்றது இன்றும் என் கண்முன் இருக்கிறது.

மதுரை மருத்துவர் இதைச் சொன்னது, எல்லா மருந்தும் தீர்ந்துவிட்டது என்பதால் இருக்காது என்றே நினைக்கிறேன். எடை இறங்குகிறது, கையும் புத்தியும் மந்தித்து நிற்கிறது, சாவைப் பற்றிப் பேசுகிறார்: இந்த மூன்றும் சேர்ந்தால், மாத்திரை வேலை செய்ய எடுக்கும் ஆறு வாரத்துக்குக் காத்திருப்பதே ஆபத்து. கடன் பெரும்பாலும் அடைந்த பிறகும் கடன் கடன் என்கிறார் என்பதையும் கவனியுங்கள். ரசீதைக் காட்டினாலும் நம்பாமல், சிறைக்குப் போகப் போகிறேன், குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்வாரானால், சோர்வு பிரமையோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலைக்கு இ.சி.டி.யைவிட வலுவான சிகிச்சை இன்றுவரை இல்லை. மேலும், சோர்வு ஒருதுருவமானாலும் இருதுருவமானாலும் இது வேலை செய்யும். இத்தனையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த மருத்துவரின் யோசனை எனக்கு நியாயமாகவே படுகிறது.

உங்கள் உறவினர் சொல்லும் மூக்கு மருந்து எஸ்கெட்டமின். அறுவைச் சிகிச்சையில் மயக்கம் கொடுக்க 1970 முதல் பயன்பட்டுவரும் கெட்டமின் என்ற மருந்தின் ஒரு பாதி வடிவம் அது. பழைய மாத்திரைகள் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்களின் வழியாக வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்கின்றன. கெட்டமின் குளூட்டமேட் என்ற வேறொரு வழியில் புகுந்து, சிலருக்குச் சில மணிநேரத்திலேயே சோர்வை இறக்குகிறது. 2000ஆம் ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடம் இதைக் கண்டபோது எங்கள் துறையே வியந்தது. அமெரிக்கா எஸ்கெட்டமினை 2019 மார்ச்சில் அனுமதித்தபோதும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. மருத்துவமனையிலேயே அடித்து, இரண்டு மணிநேரம் உட்காரவைத்து, இரத்த அழுத்தத்தையும் தெளிவையும் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று விதித்தது. நம் ஊரில் சில மனநலப் பிரிவுகளில் கெட்டமினையே நரம்பு வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கில், நாற்பது நிமிடத்தில் மெல்ல ஏற்றுகிறார்கள்.

இ.சி.டி.யோடு இதை ஒப்பிட்ட இரண்டு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு விடை சொல்கின்றன. 2023இல் அமெரிக்காவில் வந்த முடிவில், பிரமை இல்லாத, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வில் கெட்டமின் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினரும், இ.சி.டி. பெற்றவர்களில் 41 விழுக்காட்டினரும் தேறினார்கள். நினைவாற்றலும் கெட்டமின் பக்கமே நன்றாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சுவீடனில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றிய 186 பேரிடம் நடந்த ஆய்வில் இ.சி.டி. 63 விழுக்காட்டினருக்கும் கெட்டமின் 46 விழுக்காட்டினருக்கும் சோர்வை முழுதாக நீக்கின. இரண்டும் பொய்யல்ல. அமெரிக்க ஆய்வில் பெரும்பாலோர் வெளிநோயாளிகளாக வந்துபோனவர்கள். உங்கள் கடிதத்தில் நான் காணும் மனிதர் சுவீடன் நோயாளிகளுக்குத்தான் நெருக்கமாக இருக்கிறார். இருதுருவ நோய் உள்ளவர்களை அமெரிக்க ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும், குடிப்பழக்கம் உள்ளவரிடம் கெட்டமினுக்கே பழகிவிடும் அபாயம் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நெடுநாள் எடுத்தால் சிறுநீர்ப்பையையும் அது கெடுக்கும். முதல் சில வாரத்துக்குப் பிறகு பலனை எப்படித் தக்கவைப்பது என்பதே அதன் பெரிய சிக்கல். நல்ல மருந்துதான், ஆனால் இந்த மாதம் இவருக்கு முதல் மருந்தாக அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் மதுரையிலும் சென்னையிலும் விளம்பரம் பார்ப்பீர்கள். ஆர்.டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டலில் மயக்க மருந்து கிடையாது, மறதி கிடையாது. நாற்காலியில் விழித்தபடி உட்கார, இடப்பக்க நெற்றிக்கு மேலே வைத்த கம்பிச்சுருள், மரங்கொத்தி கொத்துவதுபோல் டக்டக் என்று தட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 2008 முதல் அனுமதியுள்ள சிகிச்சை. முன்பு ஒரு தடவைக்கு 37 நிமிடம் ஆனது. மூன்றே நிமிடத்தில் முடியும் புதுமுறையும் அதற்குச் சளைத்ததன்று என்று 2018இல் கனடாவில் 414 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. மூன்று நிமிடம்தான் என்றாலும் வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் போக வேண்டும். ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடி வந்து, அங்கிருந்து இரண்டு மணிநேரத்துக்கு மேல் பேருந்தில் மதுரைக்கு, இவ்வளவு சோர்ந்திருப்பவரை அத்தனை நாள் அழைத்துப்போவது எப்படி என்பதை மருத்துவர்கள் நாங்கள் எளிதில் மறந்துவிடுகிறோம். ஐந்தே நாளில், நாளுக்குப் பத்து முறை என்று முடிக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக முறைக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. அதன் அடிப்படை ஆய்வில் இருந்தவர்கள் 29 பேர்தான். முடிவு வியக்கத்தக்கது, ஆனால் 29 பேரை வைத்து உங்களை வீட்டை அடகுவைக்கச் சொல்ல மாட்டேன். தலைக்குள் உலோகக் கிளிப்போ செவிக் கருவியோ இருப்பவருக்கு எந்த முறையும் ஆகாது. உங்கள் கணவர் சாப்பிடத் தொடங்கி, உயிர் ஆபத்து விலகிய பிறகும் சோர்வு மிச்சமிருந்தால், அப்போது இதைப் பேசலாம்.

காளான் வேண்டாம். உங்கள் தம்பி அன்பினால்தான் கேட்கிறார், அவர் படித்த செய்தியும் முழுப் பொய்யன்று. சைலோசிபின் என்ற அந்தப் பொருளை 25 மில்லிகிராம் ஒரே ஒருமுறை கொடுத்து, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. மூன்றாவது வாரத்தில் அந்த அளவைப் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள், மிகக் குறைந்த அளவு பெற்றவர்களில் 18 விழுக்காட்டினர். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களை மட்டும் அதைக் கொடுக்க விட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் அளந்த மருந்தைத்தான் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே பல மணிநேரம் உட்கார்ந்திருந்தார். இருதுருவ நோயோ பிரமையோ உள்ளவரை வாசலிலேயே திருப்பியனுப்பினார்கள். அப்படியும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கியது. கொடைக்கானலில் யாரோ தாளில் சுற்றிக் கொடுக்கும் காளானில் எது எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது; நம் நாட்டில் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் குற்றமும்கூட. உங்கள் கணவரின் இன்றைய நிலையில் அது நேரான ஆபத்து. தம்பியிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள். பாசத்தைக் காட்ட வேண்டுமென்றால் மருத்துவமனைக்கு வரும் நாட்களில் துணைக்கு வரட்டும்.

மலிவானதும் பழையதுமான ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். லித்தியம் என்ற உப்பு, எழுச்சி நோயைக் கட்டுப்படுத்தும் என்பதை 1949இல் ஆஸ்திரேலியாவில் கேட் என்ற மருத்துவர் கண்டறிந்தார். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்தால் கேட்காத மருந்தும் சிலருக்குக் கேட்கத் தொடங்குகிறது, இருதுருவ நோயென்றால் அதுவே அடித்தளம், இ.சி.டி. முடிந்தபின் நோய் திரும்பாமல் காப்பதிலும் அதற்கு இடம் உண்டு. அது உங்கள் கணவருக்கு எழுதப்பட்டால் நீங்கள் கவனிக்க வேண்டியது வெயிலை. கல் காயவைக்கும் களத்தில் சித்திரை வைகாசியில் நாள்முழுதும் நின்று வியர்த்து, தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளும் அதை ஏற்றும். கை வெடவெடவென்று நடுங்கினால், வயிறு போனால், நடை தள்ளாடினால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தத்தில் அதன் அளவையும் தைராய்டையும் சிறுநீரகத்தையும் குறித்த காலத்தில் பார்த்துக்கொண்டால் இவ்வளவு அச்சம் தேவையில்லை.

பேச்சுச் சிகிச்சையை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. மருந்து கேட்காத 469 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், மாத்திரையோடு அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் தேறினார்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர்தான். இன்று அவர் இருக்கும் நிலையில் உட்கார்ந்து பேச முடியாது. சாப்பாடு இறங்கத் தொடங்கிய பிறகு அது கட்டாயம் தேவை. அதன் ஒரு பகுதியை நீங்களே பட்டறையில் தொடங்கலாம். ஆறு வண்ணம், பத்துக் கட்டம் உள்ள பூ அச்சை அவர் முன் வைக்காதீர்கள். ஒரே நிறத்தில், அச்சே இல்லாத வெற்றுக் கல் ஒன்று; கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தை வைத்துக் கொடுத்துவிட்டு, சாந்தை மட்டும் அவரை ஊற்றச் சொல்லுங்கள். அன்றைக்கு அது போதும். "இவ்வளவுதானா?" என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

மாமியார் கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொள்ள விரும்பினால் தடுக்காதீர்கள், அவரும் கூட வரட்டும். கோயிலுக்குப் போகும் நாளிலும் மாத்திரை தவறக்கூடாது என்பது மட்டுமே என் வேண்டுகோள். முடிந்தால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வோம் என்பதை வெள்ளைச் சட்டைக்காரர் வாயால் அவர் கேட்பது, நீங்கள் நூறு முறை சொல்வதைவிட நல்லது.

மருத்துவரைப் பார்ப்பதை இந்த வாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வாரம், ஏன் நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். குடி எவ்வளவு என்பதைக் குறைக்காமல் எழுதுங்கள், இ.சி.டி. என்று முடிவானால் மயக்க மருத்துவருக்கும் அது தெரிய வேண்டும். தாளின் முதல் வரியாக, ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த இரண்டு வாரத்தை எழுதுங்கள். மருத்துவர் அவசரத்தில் இருந்தாலும் அந்த வரியை அவர் வாசித்த பிறகே நாற்காலியைவிட்டு எழுந்திருங்கள்.